இரவல் டூயட்

ஞாயிறு மாலை ஆறரைக்கு நான் ரதிமலர்.
அதுவரைக்கும்
கல்முனை வீதி மருந்துக்கடையில்
பிரஷர் குளிசை எண்ணிக் கொடுக்கிறவள்.
ஆறரைக்கு இவர் எமில்.
அதுவரைக்கும்
நாவலடியில் வள்ளத்து எஞ்சின் பிரித்து,
மண்ணெண்ணெயில் கை தேய்த்தும்
நகக்கண்ணில் கறுப்புப் போகாத ரொட்ரிக்.

எமில் – ரதிமலர்
எங்கள் அம்மாமார் காலத்து றேடியோச் சோடி.
பன்னிரண்டு பாட்டு, ஒரு படம்.
படத்தில் அவருக்குக் காது தொடும் கொலர்,
அவளுக்குக் கன்னப்பொட்டு வரைக்கும் இழுத்த மை.
இருவரும் கமராவைப் பார்க்கிறார்கள்.
மீதியை நாங்கள் தைத்துக்கொண்டோம்.
கொலரை நான் வெட்டினேன்.
விக் காத்தான்குடியில் வாங்கியது,
பள்ளிக்கூட நாடகத்துக்கு என்று பொய் சொல்லி.

ஏழாம் பாட்டின் மூன்றாம் சரணத்தில்
இவர் ஒரு வரியை விட்டுவிடுவார்.
விட்ட வரியின் நீளத்துக்கு
என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.
கீபோர்ட்காரப் பொடியன்
அதே சுற்றை இன்னொருக்கா வாசித்து ஒப்பேற்றுவான்.
கேட்டால், 'மறந்து போச்சுகா.'
பதினாறு வருசம்
ஒரே இடத்தில் மறக்கிறது.

அன்றைக்குக் கல்லடி மண்டபத்தில் பாட்டு.
புதன்கிழமையிலிருந்து நாங்கள் பேச்சில்லை.
புது ஸ்பீக்கருக்குக் கட்டுக்காசு என்று
என் சங்கிலியை அடகு வைத்த மனிசன்
அதை எனக்குச் சொன்னது
வைத்த பிறகு.
பேசாத வாயோடு மேடையேறி
கடல் வற்றினாலும் உன் கை விடேன் என்று பாடினேன்.
சனம் விசிலடித்தது.
மூன்றாம் சரணம் வந்தது.
இவர் மறந்தார்.
கோபத்திலும் மறந்தார்.

முடிந்து மை துடைக்கும்போது
திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள்.
ரொறன்ரோவாம்.
கையில் மடித்த குளிர் ஜக்கெட்,
இந்தப் புழுக்கத்தில்.
'நான் அவங்கட மகள்' என்றாள்.
எவங்கட என்று கேட்க வாய் எடுத்தேன்,
கண்ணாடியில் பார்த்தேன்:
என் தலையில் இன்னும் அவள் அம்மாவின் முடி.

நல்லாப் பாடினீங்கள் என்று அவள் சொல்லவில்லை.
'அந்த இடத்தில அப்பா
ஒருநாளும் வரி விட்டதில்லை.
அம்மாவைப் பார்த்ததும் இல்லை.
ஸ்ரூடியோவில ரெண்டு பேருக்கும் நடுவில தட்டி.
மறுகா வீட்டிலயும்.
நீங்கள் பிழையாப் படிக்கிறீங்கள்.'

ரொட்ரிக்
பொலிசில் மாட்டினவர் போல
பெல்ட்டைச் சரிசெய்தார்.

ஜக்கெட்டை ஒரு தோளிலிருந்து
மற்றத் தோளுக்கு மாற்றினாள்.
'ஒருக்காப் படிப்பீங்களா,
அந்தப் பிழையோட?'

ஜெனரேட்டரை நிற்பாட்டியாகிவிட்டது.
பொடியன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.
மைக் இல்லை, விக் இல்லை,
தகரக் கூரையில் ஒரு பல்லி.
பாடினோம்.
இந்த மண்டபத்தில்
என் குரல் இவ்வளவு சின்னது என்று
அன்றுதான் தெரியும்.

மூன்றாம் சரணம்.
ஒரு சொல் பிசகாமல்
முழு வரியையும் பாடினார் மனிசன்!
வெட்கம்.
கண் மட்டும் நிலத்தில்,
சிகரெட் கட்டை ஒன்றைப் பார்த்தபடி.

அடுத்த வரி என்னுடையது.
வாயைத் திறந்தேன்,
வரவில்லை.
இவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
எவ்வளவு நேரமென்று
அந்தப் பெண்ணைத்தான் கேட்க வேணும்.
அவள் ஜக்கெட்டில் முகத்தை வைத்திருந்தாள்.

போகும்போது ஒரு கவர் தந்தாள்.
எண்ணிப் பார்க்கவில்லை.
(பார்த்தேன். ஸ்பீக்கரின் ரெண்டு மாதத் தவணை.)

ஓட்டோ புதுப் பாலத்தில் ஏறியது.
பக்கத்தில் பழையது
லைட் இல்லாமல் கூடவே வந்தது.
மடியில் சொப்பிங் பையில் விக்.
'சங்கிலியை எப்ப மீட்கிற?'
புதனுக்குப் பிறகு என் முதல் பேச்சு.
'வாற மாசம்கா.'
'எந்த வருசத்து வாற மாசம்?'
ஓட்டோக்காரன் சிரித்தான்.
இவர் சிரிக்கவில்லை,
என் பக்கம் திரும்பி
என்னமோ மறந்தவர் மாதிரி இருந்தார்.

பின் சீற்றில், எங்கள் இருவருக்கும் நடுவில்,
ஸ்பீக்கர்
தன் பாட்டில் ஆடிக்கொண்டு வந்தது.