துணைக்கால்

என் பெயரைச் சொன்னதும்
எதிரே ஒரு சின்ன மௌனம் வரும்.
பிறகு, "என்ன, திரும்பச் சொல்லுங்கோ?"
கானல்.
"கானல் நீரா?"
நீர் இல்லை. வெறும் கானல்.

பழந்தமிழில் கடற்கரைச் சோலை என்று
அப்பா சொல்லியிருந்தார்.
வெள்ளவத்தையில் கடற்கரை உண்டு.
சோலைக்கு நான் எங்கே போவேன்?
தண்டவாளம், கருங்கல், ஒற்றைத் தாழம்புதர்,
அதன் பின்னால் விரித்த குடை,
குடைக்குக் கீழே நான்கு கால்கள்.

தமிழ் டீச்சர், "இல்லாத தண்ணீர்" என்று
முழு வகுப்புக்கும் விளக்கினார்.
மதியத்தில் காலி வீதித் தாரின் மேல்
பஸ்ஸுக்கு முன்னால் ஓடி ஓடி மறைகிறதே, அது.
ஆங்கிலத்தில் எழுதியபோது
பிள்ளைகளுக்கு இன்னும் வசதி:
கெனால்.
மழைக்கு மறுநாள் பாலத்தடியில் நாறுகிற அதே கெனால்.
நான் வரிசையில் வந்தால் மூக்கைப் பொத்துவார்கள்.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர் என்று
தேடியும் பார்த்திருக்கிறேன்.
பள்ளி இடாப்பில் ஒன்று.
வாக்காளர் பட்டியலில் ஒன்று.
இரண்டும் நான்.

அப்பாவின் அந்தியேட்டி முடிந்து
அலுமாரியை ஒதுக்கியபோது
நாலாய் மடித்த கலண்டர்த் தாள் ஒன்று.
எண்பத்து மூன்று, மே மாதம்.
பின்பக்கம் நீல மையில்:
ஆணோ பெண்ணோ, கனல்.
அந்தக் 'க'வுக்கும் 'ன'வுக்கும் நடுவே
இடமே இல்லாத இடத்தில்
கறுப்பு மையில் நெருக்கிப் போட்ட
ஒரு கால்.

டொரன்டோவுக்கு எடுத்து அம்மாவிடம் கேட்டேன்.
"ஓம், நெருப்பு எண்டுதான் வச்சிருந்தவர்.
நீ பிறந்தது ஓகஸ்டில. முகாமில."
பிறகு, அங்கே சரியான குளிர் என்றாள்.

ஜூலையில் பாமன்கடை வீடு
மேல்மாடியிலிருந்து கீழாக எரிந்ததை
எதிர்வீட்டுக் குளியலறை யன்னலால் பார்த்தவராம்.
அந்தத் தாள் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.
நெருப்புக்கு ஒரு கால் வைத்துவிட்டால்
எழுந்து நடந்து
கடற்கரைக்குப் போய்விடும் என்று
நினைத்தாரோ என்னவோ.

ஆங்கிலத்தில் அந்தக் கால் நிற்பதில்லை.
கடவுச்சீட்டில்,
வங்கியில் நெஞ்சில் குத்திய தகட்டில்,
நான் நெருப்போ வாய்க்காலோ
வாசிக்கிறவர் பாடு.

போன செவ்வாய், இரத்தம் கொடுக்கப் போன இடத்தில்
தாதி பட்டியலைப் பார்த்து
"கனல் கவுத?" என்றாள்.
எழும்பினேன்.
முன்வரிசையில்
முன்பற்கள் இல்லாத ஒருத்தியும் எழும்பினாள்.

அவளுடைய தாய் என்னை உற்றுப் பார்த்தாள்.
"நீங்க கொட்டாஞ்சேனை பேங்க்ல இருந்தீங்க தானே?
அடகு நகை திருப்ப வந்தேன், இவ அப்ப வயித்துல.
உங்க நெஞ்சுல இருந்துச்சு இந்தப் பேரு.
கனல். நெருப்பு தானே?
எவ்ளோ தைரியமான பேரு!
இவங்க அப்பா வேணாம்னாரு. நான் வச்சுட்டேன்."

தைரியம் என்ற சொல்லை
இதுவரை யாரும் என் பெயருக்குப் பக்கத்தில் வைத்ததில்லை.
திருத்தத்தான் வாயைத் திறந்தேன்.
சோலை, கடற்கரை, கறுப்பு மை
எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன.
வந்து நின்றன.

ஊசி ஏறப்போகும் கையை
சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு சிறுமி கேட்டாள்:
"ஆன்ட்டி, உங்க பேரும் கனலா?"
"ஓம். எனக்கு ஒரு கால் கூட."

குனிந்து
என் செருப்புகளை எண்ணினாள்.
"ரெண்டுதானே இருக்கு."

தாதிக்கு நேரமில்லை.
"கனல் ரெண்டா?" என்றாள் அவளுடைய அரைத் தமிழில்.
"சுகர் யாருக்கு?"

நான் கையை உயர்த்தினேன்.