ஒரு சாண் வத்து

சுபஹுக்குப் பிறகு உப்பாற்றில்
தண்ணீர் ஒரு சாண் இறங்கும்.
இந்தக் கடலுக்கு அவ்வளவுதான் மூச்சு.
அந்த ஒரு சாணுக்காக
எங்கிருந்தோ வந்து நிற்கின்றன உள்ளான்கள்.
நானும் வாளியோடு நிற்கிறேன்.

நான் மட்டியைக் காலால் தேடுகிறவள்.
கண்ணுக்கு வேலையில்லை, சேறு கலங்கிவிடும்.
பெருவிரல் சொல்லும்: இது கல், இது செத்த ஓடு,
இது உயிர், வாயை மூடுகிறது.
அதுவும் அப்படித்தான்.
வயிறு நனையும்வரை நடந்துபோய்
வளைந்த அலகைத் தையல் மெசின் ஊசிபோலக்
குத்திக் குத்தி
நிறுத்தும். நுனியில் ஏதோ அசைந்திருக்கும்.
புழு இழுபட்டு நீளும், அறாமல் வரவேண்டும்.
அவசரப்பட்டால் பாதிதான்.

பெட்டைக்கு அலகு நீளம், ஆழத்துப் புழு அதற்கு.
சேவலுக்குக் கொஞ்சம் மேலே.
மேலே ஊரும் நத்தைக்குஞ்சு யாருக்கும்.
பாலத்துப் பக்கம் கிரவல் கொட்டிய இடத்தில்
காலும் இறங்காது, அலகும் இறங்காது.

நஜிமுதீனின் தராசில் என் வாளி நாலு கிலோ.
அதன் தராசு அதன் தோலுக்குள்.
பங்குனி முடியுமுன்
தன் பாரத்தில் பாதியையாவது
கொழுப்பாகச் சேர்க்க வேண்டுமாம்.
போன வருஷம் தொலைநோக்கியோடு வந்த பொடியன் சொன்னான்.
சைபீரியாவில் முட்டையிடுமாம்.
"அப்ப இங்க ஏன் வருதுகள்?"
"இங்க சேறு உறையாது, ராத்தா."
அன்று காலில் ஒட்டியதைக்
கொஞ்சம் மெதுவாகக் கழுவினேன்.

சித்திரைக்குள் நெஞ்சு செங்கல் நிறமாகும்.
ஓர் இரவு கூரைக்கு மேலால்
சன்னமாய்க் கத்திக்கொண்டு வடக்கே போகும்.
காலையில் சேறு முழுக்க ஊசித்துளை,
குத்தியவர் இல்லை.

இந்த வைகாசியில் ஒன்று போகவில்லை.
நொண்டியில்லை. சிறகிலும் குறையில்லை.
நெஞ்சு சிவக்கவேயில்லை, சாம்பலாகவே நிற்கிறது.
முதல் வருஷத்துக் குஞ்சாக இருக்கும்,
போகச் சொல்லி உடம்பு இன்னும் கேட்கவில்லை.
கச்சான் அதன் இறகைப் பின்னாலிருந்து பிரிக்கிறது.
வெயிலில் வெடித்த ஓரத்தை விட்டு
என் கால் கலக்கிய தண்ணீருக்குள் வருகிறது,
நான் மிதித்துக் கிளப்பியதைப் பொறுக்குகிறது.
நான் ஒரு அடி வைக்க
அது ஏழு.

வாளி இன்னும் பாதி.
தண்ணீர் திரும்பி வருகிறது.
எனக்குக் கணுக்கால், அதற்கு நெஞ்சு.
அது முதலில் பறக்கும்.