இருபது டிகிரி

முத்தியால்பேட்டை. மார்கழி பன்னிரண்டு. விடியற்காலை நாலரை.
பாதரசம் இருபதில் நிற்கிறது.
சிரிப்பீர்கள். சிரியுங்கள்.
ஓய்வுக்கு ஊர் தேடியபோது
"அங்கே குளிரே கிடையாதாம்" என்று
புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

அஞ்சலாட்சியின் பாதங்களுக்கு
இந்தச் சேதி போய்ச் சேரவில்லை.
ஐஸ் பெட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்த
இரண்டு சங்கரா மீன்கள்.
சர்க்கரை, ரத்த ஓட்டம், வயது என்று
ஜிப்மரில் மூன்று காரணம் சொன்னார்கள்,
காலுறை போடச் சொன்னார்கள்.
பச்சையில்தான் கிடைத்தது.
"பள்ளிக்கூடத்துக்கா அனுப்பறீங்க?" என்றாள்.

முப்பத்தொரு வருஷம் நெய்வேலியில்
கொதிகலன் பார்த்தவன் நான்.
பாதிக்குப் பாதி தண்ணீரான பழுப்புக் கரி,
அதை எரியவைப்பதே ஒரு கெஞ்சல்.
ஐந்நூற்று நாற்பதில் நீராவி,
கொஞ்சம் இறங்கினாலும் போன் அலறும்.
முகம் தெரியாத ஊர்களுக்கெல்லாம்
ராத்திரி ராத்திரியாய் அனுப்பியவன்
பத்துக்குப் பன்னிரண்டு அறையை
இரண்டு டிகிரி ஏற்றத் தெரியாமல்
லுங்கியோடு நிற்கிறேன்.

எதிர்வீட்டு அந்துவான் சவரிராயன்
பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்.
"இதெல்லாம் ஒரு குளிரா மொசியே?" என்றார்,
காதுவரை இழுத்த கம்பளிக் குல்லாயோடு.
கப்பலில் கூடவே வந்த ஹீட்டரை
இரவல் கொடுத்தார்:
இரும்பு விலா எலும்பு, உள்ளே எண்ணெய், நாலு சக்கரம்.
சொருகினேன்.
எண்ணி ஏழு நிமிஷம்.
எங்கள் வரிசை முழுக்க இருட்டு.
நாலு வாசலில் டார்ச் அடித்து
யாரையோ திட்டினார்கள்,
நானும் வெளியே போய்க் கூடச் சேர்ந்து திட்டினேன்.

அப்புறம் சின்ன வழிகள்.
பிராந்தி பாட்டிலுக்கா இந்த ஊரில் பஞ்சம்?
கழுவி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி,
மூடியை இறுக்கி,
அந்தப் பச்சைக் காலுறைக்குள் நுழைத்துக்
கால்மாட்டில் வைத்தேன்.
வாசனை மட்டும் போகவில்லை.
"யாரோ குடிச்சிட்டுப் படுத்திருக்காப்ல இருக்கு."

வெயிலைப் பிடித்து வைக்கலாம்.
மதியம் ஒன்றுக்குத் தலையணையும் ஜமக்காளமும் மொட்டை மாடிக்கு,
நாலரைக்குள் கீழே.
ஒருநாள் கண்ணயர்ந்துவிட்டேன், பனி முந்திக்கொண்டது.
அன்றைக்கு ஈரத்தைத்தான் சுமந்து இறங்கினேன்.

மேற்குச் சுவர் நல்ல ஆள்.
பிற்பகலெல்லாம் வாங்கியதை
வஞ்சகமில்லாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும்.
உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்து
கட்டிலை அதன் பக்கம் நகர்த்தினேன்.
பத்து மணிக்கு அதுவும்
ஷிப்டு முடிந்து போய்விடுகிறது.

நேற்று ராத்திரி எல்லாம் கூடிவந்தது.
காற்றுத் துளைகளில் பழைய பேப்பர்,
கதவிடுக்கில் சாக்கு,
ஜன்னலுக்கு அவளுடைய வாயில் புடவை இரண்டு மடிப்பு,
சுவர், பாட்டில், வெயில் தின்ற தலையணை.
இருபத்திரண்டரை!
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
யாருக்காவது போன் போட்டு
ரீடிங் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

போர்வைக்குள்ளிருந்து குரல்:
"ஃபேனைப் போடுங்க."

ஃபேனா?

"கொசு. அதில்லாம,
அந்தச் சத்தம் இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."

ரெகுலேட்டர் ஒன்றில்.
இறக்கைகள் சோம்பல் முறித்துச் சுற்றத் தொடங்கி,
நான் சேர்த்த இரண்டரை டிகிரியைப்
பிட்டுப் பிட்டு மூலைக்கு மூலை எறிந்தன.
எங்கேயோ ஈரக் கரியின் முன்னால்
எவனோ ஒருத்தன் விழித்திருக்கிறான்.
அவன் மூட்டிய நெருப்பு
இங்கே காற்றாக இறங்குகிறது.
அவனிடம் இதைச் சொல்ல முடியாது.

பாட்டிலை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.
காலாலேயே திருப்பித் தள்ளினாள்.
தள்ளினேன். தள்ளினாள்.
கட்டில் விளிம்பைத் தாண்டி விழுந்தது.
உடையவில்லை.
எழுந்து எடுக்க இருவருக்கும் சோம்பல்.
காலையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது,
பச்சைக் காலுறையோடு, சில்லென்று.