வடாலா எடைமேடை, இரவுப் பணி

லாரி எண் என்ன என்று
கேட்கச் சொல்லித்தான் எழுதியிருந்தேன்.
கேட்கவில்லை.
கறுப்புத் திரையில் வெறும் கட்டம்
மினுக் மினுக் என்றிருக்க
காம்ப்ளே என்னைப் பார்த்தார்.
நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.
மேடையில் நாமக்கல் வண்டி,
பின்னால் பதினோரு ஹாரன்.

குத்துமதிப்பாய் எண்ணைத் தட்டினார்,
எடையைத் தட்டினார்.
நிரல் முடிந்து மூடும் நேரத்தில்
மொத்தமாய்க் கொட்டின கேள்விகள்:
லாரி எண்? எடை? சரக்கு?
இலையெடுத்த பந்திக்கு
சாம்பார் வாளியோடு வருகிறவனைப் போல.

வீட்டு மேசையில் ஒழுங்காய் ஓடியதுதான்.
இங்கே பிரிண்ட்எஃப் திரையிடம் பேசவில்லை,
குழாய்க்குள் பேசுகிறது;
மறுமுனையில் எவரோ எப்போதோ எழுதிய
காட்சிப்பலகை நிரல்.
குழாய் என்று தெரிந்தால்
குடம் நிறையாமல் தூக்காது சி மொழி.
நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து சேரணும்.
என் கேள்விக்கு எட்டு எழுத்து.

பிழைச் செய்திக்கு மட்டும் குடம் கிடையாது.
"எடை தவறு" என்று அது கத்தி முடித்தும்
"எடை?" என்ற கேள்வி வந்து சேரவில்லை.
என் மச்சினன் இப்படித்தான் என்றார் காம்ப்ளே.

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே
ஒரு எஃப்ஃப்ளஷ் வைத்தேன்.
மணி இரண்டேகால். கேள்வி முதலில் வந்தது.
டீ சொன்னார்.

டீ வருமுன் அடுத்த வம்பு.
எடையைப் படித்த ஸ்கேன்எஃப்
எண்களைப் பொறுக்கிக்கொண்டு
எண்டரை வாசலிலேயே விட்டுப்போக,
"வண்டி காலியா?" என்ற கேள்விக்கு
அந்த எண்டரே உள்ளே நுழைந்து பதிலானது.
ஆமாம் அல்லாத எதுவும் இல்லை என்று
நான்தான் எழுதிவைத்திருந்தேன்.
சரக்கு வண்டி என்று பதிந்து
அறுநூறு ரூபாய் கேட்டது ரசீது.

கட்டிவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று
சென்னியப்பன் சொன்னார்:
"நான் வாயே தொறக்கலீங்களே, அம்மணி."

உண்மை. அவர் திறக்கவில்லை.
வரி முடியும்வரை மிச்சத்தைத் தின்றுதீர்க்க
ஒரு சின்னச் சுழற்சி எழுதினேன், இரண்டே வரி.
மறுபடி கேட்டது. காத்திருந்தது.
"காலிதானுங்க" என்றார், திரையைப் பார்த்தே.

அறுநூறைத் திருப்பித் தர
என் நிரலில் வழி வைத்திருக்கவில்லை.
காம்ப்ளே டிராயரைத் திறந்து
எண்ணாமல் கொடுத்தார்; அவர் எண்ணி வாங்கினார்.
வண்டி இறங்கியதும் எடைப்பலகை
பூஜ்யத்துக்கு வந்து, கொஞ்சம் தடுமாறி,
நாற்பது கிலோவில் நின்றுவிட்டது.
அது என் வேலையில்லை.