கதவைச் சுமப்பவன்

டுலூத்தில் பிப்ரவரி என்றால்
ஏரி வெள்ளைத்தாளாய்க் கிடக்கும்,
ஒரு கப்பலும் கையெழுத்துப் போடாத தாள்.
அரங்கின் வெந்நீர்க் குழாய்கள்
பல்லைக் கடித்துக்கொண்டு சூடேறுகின்றன.
முப்பத்தொரு பேர், மேலங்கியைக் கழற்றாமல்.
மாடியில் ஓரின் படச்சுருளைப் பூட்டுகிறான்.
நான் பியானோவில்,
விரல்நுனி வெட்டிய கையுறையோடு.

படம் தொண்ணூற்றேழு வருடப் பழசு.
கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை:
ஒருவன் ஒரு கதவை முதுகில் சுமந்து
ஊரைக் கடக்கிறான்.
பொழுது சாய்வதற்குள் கல்யாண வீட்டில் சேர்க்க வேண்டும்.
மூச்சு வாங்க நடுத்தெருவில் நிறுத்தினால்
யாராவது வந்து தட்டுகிறார்கள்.
அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திறக்கிறான்.
போலீஸ்காரன் காலைத் துடைத்துவிட்டு நுழைகிறான்,
தெருவிலிருந்து அதே தெருவுக்கு.
ஒரு சவ ஊர்வலம்,
இருபுறமும் அகன்ற சாலை இருக்க,
குனிந்து வரிசையாக வாசல் வழியே போகிறது.
கடைசியில் வந்த நாய் மட்டும்
கதவைச் சுற்றிக்கொண்டு போகிறது.
அப்போதுதான் அரங்கம் வெடிக்கும்.
எத்தனை முறை வாசித்தும்
அந்த நாய்க்கு முன்னால்
என் இடதுகை ஒரு நொடி காத்து நிற்கும்.

நடித்தவர்களில் ஒருவரும் இல்லை இப்போது.
பொய்ச் சவப்பெட்டியைத் தூக்கிய நால்வரும்
ஒவ்வொருவராய் மெய்யானதில் போனார்கள்.
கதவு எந்தக் குளிர்காலத்து அடுப்பில் எரிந்ததோ.
ஆனாலும் தட்டினால்
திறக்கிறான்.

வெர்னா லாஹ்தி முதல் வரிசை, இடது ஓரம்.
தானியக் கிடங்கில் எடைக்கணக்கு எழுதுகிறவள்.
பிறவியிலேயே காது கேளாது.
ஊர் அடங்கியிருக்கும்போது சிரிப்பாள்,
அதுவும் காதல் காட்சியில்,
அவன் மணப்பெண்ணின் தங்கையிடம் ஏதோ சொல்ல,
எழுத்து அட்டை வருமே,
'உயிருள்ளவரை இவ்வாசலில் காத்திருப்பேன்',
நான் உருகி உருகி வாசிக்கும் அதே இடத்தில்
என் முதுகுக்குப் பின்னால் கொல்லென்று.
மூன்று வருடம் பொறுத்தேன்.
இவளுக்கென்ன தெரியும் என்று உள்ளுக்குள் திட்டினேன்.
திட்டியதற்கு வெட்கப்பட்டேன்.
மறுவருடம் மறுபடி திட்டினேன்.

இன்று சுருள் மாற்றும் இடைவெளியில்
கேட்டேவிட்டேன்.
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதித் தந்தாள்:
"அவன் அதைச் சொல்லவில்லை. உதட்டைப் பார்.
'என் காலை மிதிக்கிறாய், நகரேன்' என்கிறான்.
'நகர்ந்தால் கேமராவுக்கு வெளியே போய்விடுவேன்,
பொறுத்துக்கொள்' என்கிறாள் அவள்.
அப்புறம்தான் அவன் கண்ணில் தண்ணீர்."

ஆக,
தொண்ணூற்றேழு வருடமாய்
ஊர் ஊராய்க் கைக்குட்டை நனைத்த கண்ணீர்
ஒரு நசுங்கிய கட்டைவிரலுடையது.

இரண்டாம் சுருள். அந்த இடம் வந்தது.
கைகளை மடியில் போட்டுக்கொண்டேன்.
ஒரு குழாய் முனகியது.
மேலே ஓரினின் இயந்திரம்
இருட்டைத் தைத்துக்கொண்டே போனது.
உதட்டைப் பார்த்தேன், ஒரு எழவும் புரியவில்லை.
கீழே பார்த்தேன்.
திரையின் அடிவிளிம்பில், பாதி வெட்டுப்பட்டு,
அவள் குதிகால்.
அதன் கீழே அவன்.

நான் சிரித்துவிட்டேன்.
வெர்னா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
பின்வரிசையில் யாரோ
எதற்கென்று தெரியாமலே தொடங்க,
இசையில்லாத கூடத்தில் சிரிப்பு
தானே தன் தாளம் பிடித்துக்கொண்டு
என் பக்கம் வந்தது.
இத்தனை நாள் அதன் மேல்
பியானோவைப் போட்டு மூடிவைத்திருக்கிறேன்.

முடிவு மாறவில்லை.
கதவைப் பொருத்திவிட்டு அவன் வெளியே நிற்க
அது சாத்திக்கொள்கிறது.
தட்டக் கையை ஓங்குவான், படம் முடிந்துவிடும்.

வெளியே பனி இறுகி
அரங்கின் வாசல் திறக்கவில்லை.
ஓரின் தோளால் இடித்தான்.
காற்று முகத்தில் அறைந்தது.
முப்பத்தொரு பேரும் வரிசையாக,
ஒருவர்கூட யோசிக்காமல்,
மிதியடியில் காலை நன்றாகத் துடைத்துவிட்டுத்
தெருவுக்குள் நுழைந்தார்கள்.