ஒரு சீட்டு

பன்றி என்பார்கள். பன்றியல்ல.
ஹாவலீனா.
சப்பாத்திக்கள்ளியை முள்ளோடு மெல்லும் வாய்,
முப்பது அடிக்கு அப்பால் மங்கிவிடும் கண்,
முதுகில் ஒரு சுரப்பி.
கூட்டம் முழுக்க ஒரே நாற்றம்,
அதுதான் குடும்ப அட்டை.

பிப்ரவரி. வில்காக்ஸுக்குத் தெற்கே
தண்ணீரை மறந்த ஓர் ஓடை.
மூன்றாம் வருடக் குலுக்கலில் விழுந்த சீட்டு
எவரிஸ்டோவின் சட்டைப்பையில்.
விதிகள் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்:
வெளிச்சம் இருக்கும்வரைதான்.
சாலையில் நின்று சுடாதே.
வீடு இருந்தால் கால் மைல் தள்ளிப் போ.
ஒரு சீட்டு, ஓர் உயிர்.
விழுந்ததும் சீட்டைக் கட்டு,
கத்தி, போட்டோ, பெருமை எல்லாம் பிறகு.

காற்று முகத்தில் அடித்தது. நல்லது.
பதினொன்று எண்ணினான்.
ஒன்று விலா தெரியத் திரும்பியது.
சுட்டான்.

விழுந்தது.
அதன் பின்னால்
கள்ளி மறைத்திருந்த இடத்தில்
இன்னொன்றும் பொத்தென்று உட்கார்ந்தது,
யாரோ நாற்காலியை இழுத்துவிட்டதுபோல.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.
சொன்னவன் மாந்தோப்பில் நின்று சொன்னான்.

மச்சான் டோரிபியோ சுற்றுமுற்றும் பார்த்தான்.
"ஓடையில் இழுத்துப் போடு.
விடிவதற்குள் கோயோட்டி கணக்கை முடித்துவிடும்."

எவரிஸ்டோ முதலாவதின் பின்னங்காலில்
சீட்டைக் கட்டினான்.
இரண்டாவதின் காலையும் தூக்கினான்,
கொஞ்ச நேரம் பிடித்திருந்தான்,
கீழே வைத்தான்.
சிக்னல் கிடைக்கும் குன்றுக்கு ஏறினான்.

அதிகாரி வந்து சேர மூன்று மணி நேரம்.
அதற்குள் இரண்டையும் வயிறு கீறி,
ஆணா பெண்ணா என்று காட்டுவதை மட்டும் அறுக்காமல்,
நிழலில் தொங்கவிட்டிருந்தான்.
இறைச்சியைக் கெடவிடுவதும் குற்றம்.

மார்வா டென்ஹாம் என்று சட்டையில் பெயர்.
தோட்டா போன வழியில் விரல் வைத்துப் பார்த்தாள்.
படிவம் நிரப்பினாள்.
ஏன் கூப்பிட்டாய் என்று கேட்கவில்லை,
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
"அபராதம் வரலாம். வராமலும் போகலாம்."
இரண்டாவதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

டோரிபியோ லாரிக்குள் ஏறிக்
கதவை அடித்துச் சாத்திக்கொண்டான்.

அந்தியில் ஓடைக்குள் மறுபடி உறுமல்.
சிதறியவை ஒவ்வொன்றாய் வந்து
முதுகில் கன்னம் தேய்த்து
ஆள் சரியா என்று பார்த்துக்கொண்டன.
எண்ணினான். ஒன்பது.
நம்பாமல் மறுபடி எண்ணினான்.

கையை மணலில் தேய்த்தும்
அந்த நாற்றம் போகவில்லை.
காற்று மட்டும் திரும்பியிருந்தால்
அவை பத்து என்று எண்ணியிருக்கும்.