பெயர்த்தகட்டின் கீழே

காசிச்செட்டி பச்சை என்கிறார்.
எந்தப் பச்சை என்று கேட்டால்
வல்லாரைச் சம்பல் என்கிறார்,
தேங்காய்ப்பூ கூடிப்போன வல்லாரைச் சம்பல்.
ஐம்பத்தாறில், எட்டு வயதில்,
தகப்பனோடு மூடியைத் திறந்து பார்த்தவர்.
நான் பார்ப்பது சிவப்பு.
அதைச் சுரண்டினால் அலுமினியம், அதன் கீழே
எந்தக் கிடங்கிலிருந்தோ வந்த சாம்பல்.
இரண்டு சிலிண்டர் டீசலுக்கு
மூன்று கை, மூன்று டின்.

களனி கலங்கலாய்க் கடலுக்குள் போகிற
முகத்துவாரத்துக் கொட்டிலில் நிற்கிறது படகு.
தேக்குப் பலகை சுமித்தின் பாடு.
எஞ்சின் என் பாடு.

பித்தளைத் தகடு, நான்கு ஆணி.
மூன்று வந்தது. நான்காவதற்கு
வெள்ளிக்கிழமை முழுக்க மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.
தூக்கினால், தீப்பெட்டி அளவில்
ஒரு தூரிகையும் பிறகு தொடாத நிறம்.
பச்சை.
படம் எடுத்து அனுப்பினேன்.
"சொன்னேனே" என்று சொல்ல மட்டும்
காசிச்செட்டி மூன்று தரம் அழைத்தார்.

பஞ்சிகாவத்தையில் ஃபஸ்மினாவின் கடை.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிறம் பார்ப்பவள்.
நகமளவு செதிலைக் குழல் விளக்கில் பார்த்தாள்,
பிறகு தெருவில் இறங்கி
த்ரீவீல்காரன் ஹோர்ன் அடிக்க அடிக்கப் பார்த்தாள்.
"இது பச்சை இல்ல.
இருட்டுல கிடந்த எனாமல், எண்ணெய் மஞ்சளாப் போய் ஈக்கி.
வெயில்ல வைங்க. பத்து நாள்."

வைத்தேன்.
மட்டக்குளி, மூன்றாம் மாடி, மேற்கு ஜன்னல்,
பாதியைத் தகரத் துண்டால் மூடி.
மூன்றாம் நாள் ஒன்றுமில்லை.
ஐந்தும் ஆறும் மழை.
எட்டாம் நாள் ஒரு காகம் தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
பதினோராம் நாள் எடுத்தேன்.
மூடிய பாதி வல்லாரை.
மற்றப் பாதி நீலம், நீலம் என்றும் இல்லை,
துறைமுகத்தில் விளக்குகள் அணைந்து
வெயில் இன்னும் வராத நேரத்துத் தண்ணீர்.
இப்படிச் சொன்னால் ஃபஸ்மினா கலக்க மாட்டாள்.
அவள் எழுதியது:
வெள்ளை நாற்பது, நீலம் மூன்று, கறுப்பு அரை.

காசிச்செட்டியும் பொய் சொல்லவில்லை.
நாற்பத்தொன்பதில் பூசின எஞ்சின்,
ஏழு வருடம் மூடியின் கீழே, சூட்டில், புகையில்.
அவர் எட்டிப் பார்த்தபோது
அது பச்சையாகி முடிந்திருந்தது.

ஆகவே பழைய எண்ணெய் எனாமலிலேயே எடுத்தோம்,
மஞ்சளாகக்கூடியதில்.
தகட்டுக்குக் கீழே மட்டும் பூசவில்லை.
அதே நான்கு ஆணி.

"இன்றைக்கு நீலம்தான்," என்றேன் தொலைபேசியில்.
"மூடியை மூடி வையுங்கள்.
உங்கள் நிறம் தானாக வரும்,
ஏழு வருடம்."

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம்.
"எனக்கு எழுபத்தேழு," என்றார்.
பிறகு,
"லீட்டர் என்ன விலை?"